மண் பரீட்சைக் கருவிகளைச் செப்பனிடுதல்

மண் பரீட்சைச் சாலைகளில் பல்லாண்டு உழைத்த மின்னணுக் கருவி பழுதுபடின், அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதே தக்கதென்னும் அபிப்பிராயம் பலரிடத்தில் உண்டு. இக்கொள்கை குடியானவர்களுக்கு அனுகூலமானதன்று. புதுக் கருவி வருமளவும் மண் மாதிரிகள் காத்திருக்கலாம். நடவுப் பருவம் காத்திராது.

மண்ணின் அமிலகார நிலையைக் காட்டும் பி.எச். மானியை உதாரணமாகக் கொள்ளலாம். 1934-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கும்பொருட்டு ஆர்னால்டு பெக்மன் என்பார் அமைத்த கருவியே இதற்கு முன்னோடி. விவசாயிகளின் தேவையால் பிறந்த இக்கருவி, விவசாயிகளையே ஏமாற்றவும் கூடும். அது எவ்வாறெனின், இதன் கண்ணாடி மின்வாய் ஒரு பி.எச். வித்தியாசத்திற்குச் சுமார் 59 மில்லிவோல்ட் மின்னழுத்தமே தருவது. அக்கண்ணாடியின் தடையோ பல கோடி ஓம். கடலூர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோரங்களில் வீசும் உப்புக்காற்றின் ஈரம் இணைப்புக் குழியில் மெல்லிய படலமாகப் படிந்தாலும் மின்னழுத்தம் அவ்வழியே கசிந்துவிடும். அப்பொழுது அளவு நடுநிலையாகிய 7-ஐ நோக்கிச் சாயும். களர்நிலமும் நல்ல நிலம்போலத் தோன்றும். ஜிப்ஸம் இடவேண்டிய வயலுக்கு இடாமலே நாற்று நடப்படும். கருவி நின்றுவிட்டால் யாவரும் அறிவர்; பொய் காட்டினால் அறிவார் இலர்.

இப்பழுதைக் கண்டறிதல் கடினமன்று. 7 என்னும் நிலைக்கரைசல் ஒன்றில் மட்டும் சோதித்தால் பிழை வெளிப்படாது, 9.2 கரைசலிலும் சோதித்தல் வேண்டும். இரண்டாவது அளவு குறைந்து காட்டின், முதலில் மின்வாயை மாற்றிப் பார்க்கவேண்டும். அதன்பின் இணைப்பைத் தூய ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தவேண்டும். அளவு நிலையாது ஆடுமாயின், மின்வழங்கும் பகுதியிலுள்ள எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களைச் சோதிப்பது முறை. அவை வெப்பத்தால் உள்ளே வறண்டு கெடுவன. விலையோ மிக அற்பம். இவ்வேலையை மின்தொடர்பைத் துண்டித்த பின்னரே, பழகியவர் செய்தல் வேண்டும்.

எல்லாப் பழங்கருவியையும் காப்பாற்றவேண்டும் என்பதன்று. உறுப்புக் கிடையாததும், செப்பனிட்ட பின்னும் இரு கரைசல்களில் சரியளவு காட்டாததுமான கருவியைக் கழிப்பதே நியாயம். ஆயினும் புதிதாக வருவதும் இதே உப்புக்காற்றில்தான் உழைக்கவேண்டும். ஆதலின் செப்பனிடும் திறமை எப்படியும் வேண்டுவதே. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் விவசாயக் கல்வியும், கருவியியல் கல்வியும் ஒரே பல்கலைக்கழகத்தில் நடைபெறுகின்றன. ஆண்டிற்கொருமுறை, கார்த்திகை மழை ஓய்ந்தபின், மாவட்டத்துக் கருவிகளை அம்மாணவர் ஆசிரியர் துணையுடன் சோதித்துச் செப்பனிட ஏற்பாடு செய்தால், மாணவருக்குப் பயிற்சியும் நிலத்திற்கு நன்மையும் ஒருங்கே விளையும். கருவியோடு வரும் மின்சுற்று வரைபடத்தை இழக்காமல் பாதுகாத்தல் இதற்கு இன்றியமையாதது.

நிலவுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஒரே மண்ணை நன்கு கலந்து இரண்டாகப் பகுத்து, வெவ்வேறு அடையாளமிட்டு அனுப்புக. இரு முடிவுகளும் பெரிதும் வேறுபடின் மறுபரீட்சை கோருக. அவை ஒத்திருந்தாலும், கருவி கடைசியாக எந்நாளில், எக்கரைசல்களில் சரிபார்க்கப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே உரத்திற்கும் ஜிப்ஸத்திற்கும் பணம் செலவிடுதல் நலம்.