பெஞ்சில் உட்கார்ந்த நேரம்

இளைப்பு வந்த பிள்ளையால் படுக்க முடியாது. முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்து உட்காரவைத்து, விடியும்வரை அம்மா என் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார். விடிந்ததும் டாக்டர், ஊசி. அன்று எனக்குப் பள்ளி கிடையாது, அம்மாவுக்குக் கூலி கிடையாது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் குழந்தை மருத்துவர் ஜில் ஹால்டர்மன் குழுவினர் செய்ததைப் படித்தபோது அந்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை இன்ஹேலர் உண்டு. ஒன்று, மூச்சு முட்டும்போது உடனே ஆசுவாசம் தருவது. மற்றது, மூச்சுக்குழாய் அழற்சியைத் தணித்து முட்டலையே வரவிடாமல் காப்பது. இதைப் பிள்ளை ஓடியாடும் நாளிலும் விடாமல் எடுக்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்த மறுநாளே அது அலமாரிக்குள் போய்விடும். விடிகாலையில் வேலைக்கு ஓடும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராச்செஸ்டரில் அந்தத் தினசரி மருந்தைப் பள்ளி நர்ஸின் பொறுப்பில் விட்டார்கள். பிள்ளை நர்ஸ் அறைக்குப் போய், அவர் கண்முன்னால் மருந்தை இழுத்துவிட்டு வகுப்புக்குப் போகும். டாக்டர் தொலைவிலிருந்தே பார்க்கவும் பின்னர் வழி செய்தார்கள். 3 முதல் 10 வயதுவரையுள்ள 400 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த ஏற்பாடு இல்லாத பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் ஆஸ்துமாவால் அவசர சிகிச்சைக்கோ ஆஸ்பத்திரிப் படுக்கைக்கோ போனார்கள். இருந்தவர்களில் 7 பேர். மருந்தில் புதுமை ஏதுமில்லை. நாள் தவறாமல் கொடுக்க ஓர் ஆள் இருந்தார்.

அந்த ஆளுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மாசசூசெட்ஸ் மாநிலக் கணக்கைக் காட்டலாம். இது ஆஸ்துமாவுக்கு மட்டுமல்ல, பள்ளி நர்ஸ் பணி முழுவதற்குமான கணக்கு. 2009-10 கல்வியாண்டில் செலவு 7.9 கோடி டாலர். மிச்சமான மருத்துவச் செலவோ 2 கோடி டாலர்தான். இதோடு கணக்கை மூடியிருந்தால் நஷ்டம் என்றே எழுதியிருப்பார்கள். ஆய்வாளர்கள் மூடவில்லை. வேலையை விட்டு ஓடிவர வேண்டியிராத பெற்றோரின் நேரம் 2.8 கோடி, பாடத்தை நிறுத்த வேண்டியிராத ஆசிரியர்களின் நேரம் 12.9 கோடி என்று மதிப்பிட்டார்கள். ஆகமொத்தம், போட்ட ஒரு டாலருக்கு 2.20 டாலர் வரவு. ஆனால் அந்த வரவு பள்ளியின் கல்லாவில் விழுவதில்லை. தாயின் கூலியிலும் வகுப்பறையிலும் கரைந்திருக்கிறது. அதனால்தான் பட்ஜெட் இறுகும்போது நர்ஸ் வேலையில் கைவைப்பது எளிதாகிவிடுகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆசிரியர்களின் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பா என்று யாராவது கேட்டால், நான் நம்புவேன். நான் படித்த பள்ளியில் நர்ஸ் இல்லை. எனக்கு மூச்சு முட்டினால் தாழ்வார பெஞ்சில் உட்காரவைத்து, அம்மாவைக் கூட்டிவர ஒரு பையனை அனுப்புவார்கள். அவர் வந்துசேர முக்கால் மணி நேரமாகும். அதுவரை டீச்சர் என் தோளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்பார். உள்ளே பாதிக் கணக்கு கரும்பலகையில் நிற்க, நாற்பது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.