நாலு மார்க் புஸ்தகம்

பழைய புஸ்தகம் ஒன்று கைக்கு வந்தால் நாம் முதலில் பார்ப்பது உள்ளட்டையைத்தான். முன்பு வைத்திருந்தவர் யாரோ என்று அறிவதில் அவ்வளவு ஆசை! வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூல்நிலையத்தில் ஒரு சித்திரப் புஸ்தகம் இருக்கிறது. பெர்லின் நகரத்து மாளிகைகளையும் சிற்பங்களையும் ஓவியங்களையும் படங்களோடு விவரிப்பது. உள்ளே மையினால் எழுதியிருக்கும் பெயர் அடால்ப் ஹிட்லர்.

1915-ம் வருஷம் நவம்பர் மாதம். வட பிரான்ஸில் பூர்ன் என்ற சிற்றூர். பவேரியப் பட்டாளமொன்றில் கடிதம் சுமக்கும் சிப்பாயாக இருந்தான் ஹிட்லர், வயது 26. சித்திரம் பயில ஆசைப்பட்டு வியன்னா கலாசாலையில் 1907-லும் 1908-லும் இடம் கேட்டுக் கிடைக்காமற் போனவன். நாலு மார்க் கொடுத்து இந்தப் புஸ்தகத்தை வாங்கினான்.

திமதி ரைபாக் என்னும் ஆசிரியர் இதைப் புரட்டிப் பார்த்து, 2008-ல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். ஏடுகளில் அழுக்கும் மெழுகுச் சொட்டும் படிந்திருக்கின்றனவாம். ஓர் இடுக்கில் அங்குல நீளமுள்ள கறுப்பு ரோமம் ஒன்றும் கிடந்ததாம். மீசை ரோமமாயிருக்கலாம் என்பது அவர் ஊகம். ரோமம் கிடக்கட்டும். நம்மை உறுத்துவது அந்த மெழுகுதான். யுத்தத்தின் நடுவே ஒருவன் விளக்கொளியில் இதை ஆசையோடு படித்திருக்கிறான்.

அழகிய சித்திரங்களைப் பார்த்துப் பழகும் பிள்ளை இளகிய நெஞ்சுள்ளவனாய் வளருவான் என்று உபாத்தியாயர்களாகிய நாம் ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் சொல்லி வருகிறோம். இந்தப் புஸ்தகத்தின் கதை தெரிந்த பிறகு அதைச் சொல்ல நா எழவில்லை. ஏனெனில் இதை எழுதிய மாக்ஸ் ஆஸ்பார்ன் ஒரு யூதர்; பெயர்போன கலை விமர்சகர். அவருடைய எழுத்தைப் போர்முனையில் துணையாகக் கொண்டவன் 1933-ல் அதிகாரத்துக்கு வந்தான். யூதர்களுக்குப் பத்திரிகைகளிலும் கலைச் சபைகளிலும் இடமில்லாமற் போயிற்று. ஆஸ்பார்ன் பிறந்த நாட்டை விட்டு வெளியேறி, 1946-ல் நியூயார்க்கில் காலமானார். வெளியேற முடியாதவர்களுக்கு நேர்ந்த கதியை உலகம் அறியும். புஸ்தகத்தை மட்டும் அவன் எறிந்துவிடவில்லை. கடைசி வரையில் வைத்திருந்தான்!

யுத்தம் முடிந்ததும் அவனுடைய புஸ்தகங்களில் சுமார் 1,200 அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. இதுவும் அவற்றில் ஒன்று. ஆஸ்பார்ன் அறிந்த பெர்லினின் நடுவே நின்ற அரண்மனை 1945-ல் குண்டு விழுந்து எரிந்தது. எஞ்சிய சுவர்களையும் 1950-ல் தகர்த்துவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது பழைய முகப்பைப் போலவே புதிதாகக் கட்டிய கட்டிடம்.