"ஓடி வா" எண்டு கூப்பிடாதேங்கோ

மத்தியானம் ஒண்டரைக்கு, பிரதான வீதியோரம் இருக்கிற ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலடிக்குப் போய்ப் பாருங்கோ. வாசலுக்கு எதிர்ப்பக்கம், மர நிழலுக்குக் கீழ மோட்டார் சைக்கிள்கள் வரிசையா நிக்கும். நிழல் அந்தப் பக்கம்தானே இருக்கு, என்ன செய்யிறது. மணி அடிச்சுப் பிள்ளைகள் வெளியில வந்ததும் அங்கயிருந்து ஒரு கை அசையும், ஹோர்ன் அடிபடும், "கெதியா ஓடி வா" எண்டு சத்தம் கேட்கும். பிள்ளை ஓடும். வலதும் பார்க்காது, இடதும் பார்க்காது. அப்பான்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும்.

வீதிப் பாதுகாப்பு எண்டதும் எங்களுக்கு நினைவுக்கு வாறது சித்திரப் போட்டியும், பொலிஸ் வந்து செய்யிற கருத்தரங்கும்தான். வகுப்பிலயும் படிப்பிக்கினம். வலது பார், இடது பார், திரும்பவும் வலது பார். அதில பிழையில்லை. எங்கட நாட்டில வாகனங்கள் இடப்பக்கத்தால ஓடுறபடியால் கடக்கத் தொடங்கிறவருக்கு முதல் ஆபத்து வலப்பக்கத்தில இருந்துதான் வரும். ஆனால் காலமை வகுப்பில படிச்சதை மத்தியானம் வாசலில வைச்சு வீட்டுக்காரரே அழிச்சுவிடுகினம். வீட்டுக்காரர் எண்டால் அம்மா அப்பா மட்டுமில்லை. தம்பி தங்கச்சியை ஏத்தப் போற அண்ணாமார் அக்காமாரும்தான், அதாவது இதை வாசிக்கிற உங்களில கனபேர்.

ஒரு சின்னக் கணக்கு. றோட்டு 7 மீற்றர் அகலம் எண்டு வையுங்கோ. புத்தகப்பையோட ஒரு சின்னப் பிள்ளை செக்கனுக்கு ஒரு மீற்றர் நடந்தால் கடக்க 7 செக்கன் வேணும். 60 கிலோமீற்றர் வேகத்தில வாற வாகனம் அந்த 7 செக்கனில 110 மீற்றருக்கு மேல வந்திடும். நூறு மீற்றருக்கு அங்கால நிக்கிற டிப்பர் பிள்ளைக்குத் தீப்பெட்டி அளவுதான். அது எவ்வளவு வேகமா வருது எண்டு மட்டுக்கட்டுறது பெரியாக்களுக்கே கஷ்டம், சின்னாக்களுக்கு அந்தத் திறன் இன்னும் முழுசா வளரவேயில்லை. ஆனபடியால் "பார்த்துப் போ" எண்டு சொல்லுறது மட்டும் பாடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி 5 வயதில இருந்து 29 வயது வரைக்குமான ஆக்களின்ர சாவுக்கு முதற் காரணம் வீதி விபத்துத்தான். அந்த வயதெல்லைக்குள்ள நாங்களும் வாறம்.

நான் புவியியல் படிக்கிற ஆள். பின்னேரங்களில எங்கட ஒழுங்கையில இருக்கிற தரம் 4, 5 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறனான். ஒருநாள் "வீட்டில இருந்து பள்ளிக்கூடம் போற வழியைக் கீறுங்கோ" எண்டு கேட்டன். நடந்து போற பொடியன் ஒருத்தன் கடிநாய் நிக்கிற படலை, மதகு, வைரவர் கோயில், பஸ் திரும்பிற சந்தி எல்லாம் கீறினான். சந்தியில தான் எங்க நிண்டு கடக்கிறது எண்டு ஒரு புள்ளியும் வைச்சான். அப்பாவோட மோட்டார் சைக்கிளில போற பிள்ளை வீட்டைக் கீறினாள், பள்ளிக்கூடத்தைக் கீறினாள், நடுவில ஒரு நேர்கோடு இழுத்தாள். அவ்வளவுதான். அவள் கெட்டிக்காரி. வழியில ரெண்டு பெரிய சந்தி இருக்கு, ஆனால் அவள் பார்த்துக்கொண்டு போறது அப்பான்ர முதுகைத்தானே.

இந்தப் பிள்ளைக்குத்தான் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினதும் சைக்கிள் வாங்கிக் குடுக்கிறது. அஞ்சு வருசம் கொண்டுபோய்க் கொண்டுவந்திட்டு, தரம் 6 தொடங்கிற அண்டைக்கு "இனி நீ பெரிய பிள்ளை" எண்டு றோட்டில விடுறம். கணக்குக்கு டியூசன், ஆங்கிலத்துக்கு டியூசன். றோட்டுக்கு மட்டும் ஒரு நாள் பயிற்சிகூட இல்லை.

இதுக்கிடையில முதுகுக்குப் பின்னால இருந்து பிள்ளை வேற பாடங்கள் படிக்குது. பொலிஸ் நிக்கிற சந்தி வரைக்கும் முழங்கையில தொங்கிற ஹெல்மெற், சந்தி வர முன்னம் தலைக்கு ஏறும். எதிரில வாறவர் லைற் அடிச்சுக் காட்டினால் அதுக்கு என்ன அர்த்தம் எண்டு தரம் 2 பிள்ளைக்கும் தெரியும். ஹெல்மெற் தலைக்கு இல்லை, பொலிசுக்கு எண்டு அது விளங்கிக்கொள்ளுது. (அப்பாவுக்கு ஹெல்மெற் இருக்கும், நடுவில இருக்கிற ரெண்டு பிள்ளைகளுக்கும் இராது. அதைப் பற்றித் தனியா எழுதலாம்.)

புகையிரதக் கடவையிலயும் அப்பிடித்தான். 1990இல நிண்டுபோன ரயில் 2014 ஒக்ரோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இடையில தண்டவாளங்கள் பங்கருக்குப் போயிட்டுது. இண்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை வைச்சிருக்கிற கனபேர் ரயிலே இல்லாத ஊரில வளர்ந்த ஆக்கள். பஸ் மாதிரி ரயில் பிறேக் பிடிச்சு நிக்காது, அதுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் வேணும் எண்டது அவைக்குச் சின்ன வயதில ஒருத்தரும் சொல்லிக் குடுத்த விசயமில்லை. கேற் போட்டாப் பிறகும் சைக்கிளைச் சரிச்சுக் குனிஞ்சு உள்ள போறதைப் பிள்ளை பின்கரியரில இருந்து பார்க்குது.

"கடவை போடுறதும் வேகத்தடை போடுறதும் அரசாங்கத்தின்ர வேலை, அதை விட்டிட்டு வீட்டுக்காரரைக் குறை சொல்லுறியோ" எண்டு எங்கட பீட நண்பர் ஒருத்தர் கேட்டார். ஞாயமான கேள்வி. பள்ளிக்கூட வாசல்களில 30 கிலோமீற்றருக்கு மேல ஒரு வாகனமும் போகக்கூடாது எண்டு கேட்கத்தான் வேணும், நாங்கள் மாணவர் எண்ட முறையில சத்தமாகவே கேட்க வேணும். ஆனால் வாசல் இருக்கிற பக்கம் வந்து பிள்ளையைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக எந்தத் திணைக்களத்தின்ர அனுமதியும் தேவையில்லை. பஸ்ஸால இறங்கின பிள்ளையை, பஸ் போய் றோட்டு வடிவாத் தெரியிற வரைக்கும் கடக்காமல் நிக்கப் பழக்கிறதுக்கும் காசு தேவையில்லை. நிண்ட பஸ்ஸுக்கு முன்னால பாய்ஞ்சு கடக்கிற பிள்ளையை, பஸ்ஸை விலத்திக்கொண்டு வாறவனுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில சைக்கிள் வாங்கிற கதை தொடங்கினால், கடைக்குப் போக முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை தம்பியையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட வழியை நடந்து போங்கோ. நீங்கள் சொல்லாதேங்கோ, பிள்ளையைச் சொல்ல விடுங்கோ. எங்க நிக்கிறது, எந்த மதில் மறைக்குது, டிப்பர் எந்த ஒழுங்கையால வெளியில வருது. பிறகு அதே வழியைத் திங்கட்கிழமை காலமை ஏழு மணிக்கு, எல்லா வாகனமும் ஓடுற நேரத்தில, இன்னொருக்கா நடவுங்கோ.