பல்பு எரிந்தால் பாயிண்ட்

வாள் சண்டை என்றால் எனக்கு எம்.ஜி.ஆரும் நம்பியாரும்தான். மாடிப்படி, சரவிளக்கு, பத்து நிமிஷம் டங் டங். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம்ம சென்னைப் பெண் பவானி தேவி ஆடுகிறார் என்று டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். காப்பியை ஆற்றி நிமிர்வதற்குள் நாலு பாயிண்ட் முடிந்துவிட்டது!

அவர் ஆடுவது சேபர். குதிரைப்படை வாளின் வாரிசு. குத்தலாம், வெட்டவும் வெட்டலாம். இடுப்புக்கு மேலே தலை, தோள், கை எல்லாம் இலக்கு. போட்டிருப்பது உலோக இழை ஜாக்கெட். வாள் பட்டால் பல்பு எரியும். இரண்டு பேர் பல்பும் சேர்ந்து எரிந்தால்? அங்கேதான் வம்பே. தாக்குதலை முதலில் ஆரம்பித்தவருக்குத்தான் பாயிண்ட். எதிராளி அதைத் தடுத்துவிட்டால் உரிமை அவர் கைக்கு மாறிவிடும். நடுவர் வாய் திறக்கும் முன்பே இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி கத்துவார்கள். (நான் வேலை பார்த்த ஆபீஸில் இன்க்ரிமென்ட் சமயத்தில் கேட்ட அதே சத்தம்.)

துனிசியாக்காரரை 15-3 என்று வீழ்த்தினார் பவானி. அடுத்து பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7-15. அதுவரை இந்தியாவிலிருந்து ஒருத்தர்கூட ஒலிம்பிக்ஸில் வாள் பிடித்ததில்லை. மூங்கில் குச்சியில் பழகிய பெண், ஜெயிக்க முடியவில்லை என்று ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார்.

அன்றைக்குக் காலை வரை அந்த ஆட்டத்துக்குப் பேர்கூடத் தெரியாத ஆசாமி நான். என்கிட்ட எதுக்குங்க மன்னிப்பு?