நல்ல நாளும் நனைந்த கண்ணும்

தீபாவளி நெருங்கினால் அட்டன் கடைவீதியில் கால் வைக்க இடமிராது. கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பை நிறையத் துணிமணியோடு இரயிலில் வந்திறங்குவர். முற்பணம் பெற்ற தொழிலாளி, அது பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் கழிக்கப்படும் என்பதை அன்றைக்கு மட்டும் மறந்திருப்பான். இம் மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆண்டு முழுதும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று கொழுந்தெடுப்போர்க்கு ஒரு நாள் வேண்டாமா? ஆனால் அதே நாளில், லயத்தின் ஏதோவொரு காம்பராவில் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கின்றாரே, அவரைப் பற்றியே இன்று எழுதுகின்றோம்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அடுத்த வாரமே தீபாவளி. நாடற்றோராய் நின்ற 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என எழுதினர். எஞ்சிய 150,000 பேரையும் 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அம் மக்களின் சம்மதத்தைக் கேட்டார் எவர்? ஆட்டு மந்தையைப் பங்கிடுபவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்தன்றோ பிரிப்பான்!

நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் இருக்கின்றார். அண்ணனின் பெயர் ஒரு பட்டியலில், இவருடைய பெயர் மறு பட்டியலில். 1970களில் அண்ணன் லயம் லயமாகச் சென்று பயணம் சொல்லிவிட்டுத் தலைமன்னார் இரயிலேறினார், கப்பல் கடந்தார். கூடலூர்ப் பக்கம் தேயிலை பறிப்பதாகக் கடிதம் வந்தது. பின்னர் கடிதமும் நின்றது. தங்கைக்கு முதலில் எண்ணெய் வைப்பவர் அந்த அண்ணனே. இன்றும் தீபாவளி விடியலில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டால் அம்மையாரின் கண் நனைகின்றது. “நல்ல நாளும் அதுவுமாய் அழாதே, ஆத்தா” என்று பேரப்பிள்ளைகள் அதட்டுகின்றனர். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர்; அழுகை வீட்டுக்கு ஆகாது என்று நம்மவர் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள்.

நம் முன்னோர் துயரத்துக்கு இடம் வைக்காதவர்களா? சாவு விழுந்த வீட்டில் அவ்வாண்டு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. சிரி என்று அவ்வீட்டாரை எவரும் வற்புறுத்துவதில்லை. பலகாரத்தை உறவினரே கொண்டு சென்று கொடுப்பர். ஓராண்டு கழித்து, இறந்தவருக்குப் படையலிட்டு, அவருக்குப் பிடித்ததை வைத்து வணங்கியபின் பண்டிகை மெல்லத் திரும்பி வரும். 2014இல் தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை மலைச்சரிவு மூடியபோது, அத் துயரத்துக்கேனும் ஊரும் உலகும் வந்து நின்றன. கப்பலேறிப் போனவரோ இறந்தவருமல்லர், இருப்பவருமல்லர். அவருக்குப் படையலிட மனம் வராது. இடாதிருக்கவும் மனம் ஆறாது. இத் துயரத்துக்கு நம் வழக்கத்தில் ஒரு முறை இல்லை. ஒப்பந்தம் விளைத்த இத் துயரத்துக்கு முறை வகுப்பதும் நம் கடமையாகின்றது.

2003ஆம் ஆண்டின் சட்டம், நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. சட்டத்தால் முடிந்தது அவ்வளவே.

இது கிழவர்களின் துயரம் என்று தள்ளிவிடவும் முடியாது. மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குச் சென்ற தாயின் பிள்ளைகள், அவள் அனுப்பிய பணத்தில் எடுத்த சட்டையை அணிந்துகொண்டு அவளைத் தொலைபேசியில் தேடுகின்றனர். அப் பிள்ளையிடம் போய், அழாதே என்பதா?

விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் முதற்பலகாரத்தை இத்தகைய வீட்டுக்கே கொண்டு செல்லட்டும். போனவரின் பெயரைச் சொல்லி விசாரிக்கட்டும். அவர்களுக்கு எழுதத் தெரியும்; கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் ஒரு கடிதமேனும் எழுதித் தேடிப் பார்க்கலாம். தோட்டத் தலைவர்களும் கோயில் கமிட்டியாரும் தீபாவளிப் பூசைக்குக் கூடும்போது, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு செலவு என்பதோடு, பிரிந்து போனோரின் பெயர்களையும் சந்நிதியில் வாசிப்பதென்று ஒரு தீர்மானம் செய்யுமாறு வேண்டுகின்றோம்.