எடை குறைந்தால் போதுமா?

இறகுப்பந்து ஆட ஷூ வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். "எடை மிகக் குறைவு, காற்று நன்றாகப் போய்வரும்" என்ற இரண்டு சிறப்புகளையே பெரும்பாலும் சொல்வார்கள். இரண்டும் நல்ல குணங்கள்தாம். ஆனால் ஆடுகளத்தில் நம் காலைக் காப்பவை இவை அல்ல என்பதே என் கருத்து. இயற்பியலின் துணைகொண்டு இதை ஆராய்வோம்.

முதலில் காற்றோட்டம். இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம்தான். சிறு காற்றும் அதன் பாதையை மாற்றிவிடும். ஆகவே உள்ளரங்குகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டே ஆடுகிறார்கள். மதுரையின் சித்திரை மாதத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை! ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவி வெளியேற வழி இருந்தால்தான் இது நடக்கும். பருத்தி நூலாலைக்குப் பெயர்பெற்ற கப்பலூரில் பருத்தியைக் குறை கூறலாமா என்று கேட்காதீர்கள். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை ஏற்கிறது. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்பதில்லை. எனவே கான்வாஸ் ஷூ வியர்வையில் ஊறிக் கனக்கிறது. பாலியெஸ்டர் வலைத்துணியோ ஆவியை வெளியே விட்டுவிடுகிறது.

அடுத்து எடை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், ஓடுபவரின் ஆக்சிஜன் தேவை சுமார் 1 சதவீதம் கூடுவதாக அளந்திருக்கிறார்கள். நீண்ட ஆட்டத்தில் இந்தச் சேமிப்பு உதவும். ஆயினும் இறகுப்பந்து நேராக ஓடும் ஆட்டம் அன்று. பாய்ந்து, சட்டென நின்று, திரும்பும் ஆட்டம்.

45 கிலோகிராம் நிறையுள்ள மாணவி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்து, கால் நொடியில் நிற்கிறாள் என்று கொள்வோம். அதற்குத் தேவையான விசை 45 × 2 ÷ 0.25 = 360 நியூட்டன். அவளது எடை 441 நியூட்டன். அந்த எடை மட்டுமே தரையை அழுத்துவதாகக் கொண்டால், உராய்வுக் குணகம் குறைந்தது 0.8 இருக்க வேண்டும். சுத்தமான ரப்பரும் சுத்தமான தரையும் சேர்ந்தால்தான் இது கிடைக்கும். இடையில் புழுதி புகுந்தால் கால் வழுக்கும். ஷூ எவ்வளவு இலேசாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

இன்னொரு அபாயமும் உண்டு. ஓட்டப் பயிற்சிக்கான ஷூக்களில் குதிகால் தடித்து உயர்ந்திருக்கும். அடிப்பாகம் 2 சென்டிமீட்டர் உயர்ந்தால், அதே 360 நியூட்டன் விசை கணுக்காலில் 7.2 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனைக் கூட்டுகிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் படுக்கையாகப் பிடித்து, அதன் நுனியில் ஏறக்குறைய முக்கால் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். கணுக்கால் பிசகுவதில் வியப்பென்ன? வெறும் வலைத்துணியும் பக்கவாட்டில் இழுபடும். எனவே அதன் ஓரங்களில் உறுதியான பட்டைகள் இருப்பது அவசியம்.

மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, 2022ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் இறகுப்பந்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். நம் பகுதிப் பிள்ளைகளால் இவ்வாட்டத்தில் உலகை வெல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அத்தகைய பிள்ளை ஒருத்தி, பொருந்தாத ஷூவினால் கால் பிசகி மூலையில் உட்கார நேர்ந்தால் அது யார் குற்றம்? மட்டை வாங்கித் தரும் பள்ளிகள், காலையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஷூ வாங்கும்போது எடையைக் கடைசியில் கேளுங்கள். அடிப்பாகம் தாழ்ந்திருக்கிறதா, ரப்பர் தரையைப் பற்றுகிறதா, பக்கவாட்டில் அழுத்தினால் பாதம் உள்ளே நகராமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஷூவைத் தெருவில் அணியாதீர்கள். ஆடும் முன் தரையைப் பெருக்குங்கள். ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்து உலரவிடுங்கள். துடைப்பத்துக்கும் துணிக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். அவை தரும் உராய்வை விலையுயர்ந்த ஷூவும் தனியே தர இயலாது!