கட்டாயமும் குற்றமும்: லற்வியப் படையணி புகட்டும் பாடம்

மார்ச் 16ஆம் நாள் வந்தால், லற்வியத் தலைநகர் றீகாவிலுள்ள சுதந்திரச் சின்னத்தின் அடியில் ஒரு சாரார் மலர் சாத்துவர். இன்னொரு சாரார் எதிர்க்குரல் எழுப்புவர். 1944இல் அந்நாளில்தான் ஜேர்மனியரின் 6ஆவது எஸ்.எஸ். படைக்கோரைச் சேர்ந்த இரு லற்விய டிவிசன்களும் வெலிக்காயா ஆற்றருகே ஒருசேரச் செஞ்சேனையை எதிர்த்துப் போரிட்டன. அவர்கள் வீரர்களா, கொலைஞர்களா? இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தேடுவதே தவறு என்பது எமது கருத்து.

1940 யூனில் சோவியத் படைகள் லற்வியாவை விழுங்கின. 1941 யூன் 14இல் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 15,000 பேர் நாடு கடத்தப்பட்டனர். சில வாரங்களில் ஜேர்மனியர் புகுந்தனர். 1943 பெப்ரவரி 10இல் லற்வியப் படையணியை அமைக்க ஹிட்லர் ஆணையிட்டார். ஆக்கிரமிக்கப்பட்ட மக்களைக் கட்டாயமாகப் படைக்குச் சேர்ப்பதை 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை தடுத்தமையால், 'தொண்டர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. விரும்பிச் சேர்ந்தோரும் இருந்தனர். ஆயினும் பெரும்பாலானோர் வயது வாரியாக அழைக்கப்பட்டவர்களே. படைக்கோரின் தலைமை ஜேர்மன் தளபதிகளிடம் இருந்தது. நாட்டின் விடுதலையோ கிட்டவேயில்லை. எதிரணியில் செஞ்சேனையின் 130ஆவது லற்வியப் படைக்கோர் நின்றது. 1944 இறுதியில் கூர்லாந்தில் லற்வியரை லற்வியரே சுட்டனர்.

இத்துயரைக் கூறுவோர் மற்றொன்றையும் மறைத்தலாகாது. 1941 நவம்பர் 30இலும் டிசம்பர் 8இலும் றீகாவின் அருகே றும்புலாக் காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்கள் கொல்லப்பட்டனர். அப்போது படையணி பிறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் யூதர்களைக் கொன்ற ஆராய்ஸ் குழுவினரும் துணைப்பொலிசாரும் பின்னர் அதே படையணியில் சேர்க்கப்பட்டனர் என்பதும் உண்மை. அவர்களையும் சேர்த்து மாலை சூட்டுவது மாண்டோரை அவமதிப்பதாகும்.

1946இல் நூரெம்பேர்க் நீதிமன்றம் எஸ்.எஸ். அமைப்பைக் குற்ற அமைப்பு எனத் தீர்த்தது. எனினும், தெரிவுக்கு இடமின்றிச் சேர்க்கப்பட்டு, குற்றமும் புரியாதோரை அத்தீர்ப்பிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு யனவரியில் சுவீடனோ, தன்னிடம் தஞ்சம் புகுந்த 146 போல்டிக் படையினரைச் சோவியத்திடம் ஒப்படைத்தது. அவர்களுட் பெரும்பாலோர் லற்வியர். 1994இல் அவர்களுள் எஞ்சியோரைச் சுவீடன் வரவழைத்து வருத்தம் தெரிவித்தது. அரை நூற்றாண்டு கடந்த வருத்தம் யாருடைய இழந்த வாழ்வை மீட்டுத் தரும்?

அடைக்கலம் தேடுவோராகிய எமக்கு இது அந்நியர் கதையன்று. போர்க்குற்றம் புரிந்தோருக்கு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை பாதுகாப்பை மறுக்கிறது. அது நியாயமே. ஆனால் சீருடையை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது நியாயமன்று. யார் உன்னைச் சேர்த்தார், நீ என்ன செய்தாய் என ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தலே நீதி. கட்டாயப்படுத்தப்பட்டவனைக் குற்றவாளி ஆக்குவதும், குற்றவாளியைக் கட்டாயத்தின் நிழலில் ஒளித்து வைப்பதும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.